குடிக்கும் கணவரும் மறைக்கும் மனைவியும்

மாதம் பிறந்து முதல் வாரம் வந்துவிட்டால் மும்பையில் வேலை பார்க்கும் தமிழர் குடும்பங்களில் ஒரு தெம்பு வரும். வீட்டு வாடகை, மளிகைக் கடை பாக்கி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம், ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு அனுப்ப வேண்டிய பணம் என்று எல்லாவற்றுக்கும் வழி பிறக்கிற வாரம் அது. ஆனால் சில வீடுகளில் அந்த வாரத்தில்தான் மனைவி தூக்கத்தை இழக்கிறாள். கடைசி லோக்கல் ரயிலிலாவது அவர் வந்து சேருவாரா, சட்டைப் பையில் எவ்வளவு மிஞ்சியிருக்கும், வழியில் எங்கேனும் விழுந்து கிடக்கிறாரா என்ற கவலை அவளை வாட்டுகிறது.

இது தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் மட்டும் நடக்கும் சங்கதி அல்ல. மாதுங்காவிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும், படித்து உத்தியோகம் பார்ப்பவர்கள் வீட்டிலும் நடக்கிறது. கூலி வேலை செய்பவர் தேசி தாரு கடையில் குடிக்கிறார். ஆபீஸ் கிளார்க் பெர்மிட் ரூமில் குடிக்கிறார். வீட்டுக்கு வந்து சேரும் துன்பம் ஒன்றுதான்.

குடிப்பவரைத் திருத்த வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவரோடு ஒரே அறையில் குடித்தனம் நடத்தும் மனைவி என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

38 பேரில் ஒருவர்

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதன் முடிவு 2019-ல் வெளியாயிற்று. 10 வயது முதல் 75 வயது வரை உள்ளவர்களில் ஏறக்குறைய 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்று அது கண்டது. ஆண்களில் 27 சதவீதத்தினர் குடிக்கிறார்கள்; பெண்களில் 2 சதவீதத்துக்கும் குறைவு. மதுவினால் தொல்லைக்கு ஆளாகி, உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் 5 கோடியே 70 லட்சம் பேர்.

அந்த அறிக்கையில் மற்றொரு கணக்கும் உண்டு. மதுவுக்கு முற்றிலும் அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேர் எங்கே இருக்கிறார்கள்? பெரும்பாலும் வீட்டில்தான். அவர்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது மனைவியும் தாயும் பிள்ளைகளும்தான். மருத்துவரும் மருந்தும் இல்லாத ஆஸ்பத்திரியாக அந்த வீடு ஆகிவிடுகிறது.

ஊரை விட்டு வந்த குடும்பம்

சொந்த ஊரில் ஒருவர் குடித்துவிட்டு வந்து ரகளை செய்தால் தட்டிக் கேட்க மாமனார் இருப்பார், பெரியப்பா இருப்பார், பங்காளிகள் இருப்பார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு வாரம் தாய் வீட்டுக்குப் போய் இருக்கலாம். பிழைக்க வந்த ஊரில் இவை எதுவும் இல்லை.

இங்கே இந்தியும் மராத்தியும் நன்றாகப் பேசத் தெரிந்தவர் பெரும்பாலும் கணவர்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும், போலீஸ் நிலையத்துக்குப் போவதானாலும், பாங்குக்குப் போவதானாலும் அவர் துணை வேண்டும். சால் வீட்டுக்குக் கொடுத்த டிபாசிட் அவர் பெயரில் இருக்கிறது. குவார்ட்டர்ஸ் என்றால் அவர் வேலை போன அன்றே அதற்கும் ஆபத்து. ஆகவே அவர் எப்படி நடந்துகொண்டாலும் அவரை வேலையில் நிறுத்தி வைப்பதே மனைவியின் முதல் கவலையாகிவிடுகிறது.

இதோடு மானமும் சேர்ந்துகொள்கிறது. பம்பாயில் மகன் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான் என்று ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். தொலைபேசியில் மாமியார் கேட்டால், "அவுக நல்லா இருக்காக அத்தை, ஓவர்டைம் போயிருக்காக" என்பதுதான் மருமகளின் பதில். பக்கத்து வீட்டு அக்கா கேட்டாலும் அதே பதில்தான்.

பொய்க்கு மேல் பொய்

இந்த மறைப்பு சிறியதாகத்தான் தொடங்குகிறது. காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. மனைவி சூப்பர்வைசருக்குப் போன் செய்து, "சார், அவருக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல்" என்கிறாள். ஒரு நாள் சம்பளம் தப்பியது என்று அப்போதைக்கு ஒரு நிம்மதி. அடுத்த மாதம் கடைக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். கைவளையை அடகு வைத்துப் பாக்கியைத் தீர்க்கிறாள். அதற்கு அடுத்த மாதம் வட்டிக்காரர் வருகிறார். அவருக்காக மகளிர் குழுவில் கடன் எடுக்கிறாள். குடிபோதையில் உடைத்த டி.வி.யை, பிள்ளை தட்டிவிட்டதாகச் சொல்கிறாள்.

இத்தனையும் குடும்பத்தைக் காப்பாற்றத்தான். ஆனால் குடித்தவருக்கு இதனால் என்ன தெரிகிறது? வேலை போகவில்லை. கடன் அடைந்துவிட்டது. அக்கம்பக்கத்தாரிடம் மதிப்புக் குறையவில்லை. காலையில் சோறு தயாராக இருக்கிறது. குடியால் தமக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றே அவர் எண்ணிக்கொள்கிறார். நஷ்டம் முழுவதையும் மனைவி தன் தலையில் ஏற்றுக்கொண்டு அவர் கண்ணில் படாமல் வைத்திருக்கிறாள். மனைவி சொல்லும் பொய், கணவரைக் காப்பாற்றுவதாகத் தோன்றினாலும் கடைசியில் காப்பாற்றுவது குடியைத்தான்.

இதற்கு நேர்மாறாகச் சில பெண்கள் சண்டை போடுகிறார்கள். பாட்டிலைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டுகிறார்கள், பிள்ளைகளின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்குகிறார்கள், போதையில் இருப்பவரிடம் இரவு இரண்டு மணி வரை நியாயம் பேசுகிறார்கள். கொட்டிய பாட்டிலுக்குப் பதில் வேறு பாட்டில் வருகிறது. போதையில் செய்த சத்தியம் விடிந்ததும் மறந்து போகிறது. சண்டையையே காரணமாகச் சொல்லி அவர் மறுபடியும் குடிக்கப் போகிறார்.

யார் குற்றம்?

"பெண்டாட்டி சரியாக இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்?" என்று கேட்பவர்கள் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வி பல பெண்களின் மனத்திலேயே முள்ளாகத் தைத்திருக்கிறது. மருத்துவம் இதை ஏற்கவில்லை.

மதுவுக்கு அடிமையாதல் ஒரு நோய் என்பதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதன் அடையாளங்கள் தெளிவானவை. குடிக்க வேண்டும் என்ற அடக்க முடியாத வேட்கை, தொடங்கினால் நிறுத்த முடியாமை, முன்பு கிடைத்த போதைக்கு இப்போது அதிக அளவு தேவைப்படுதல், குடிக்காவிட்டால் கை நடுக்கமும் வியர்வையும் உண்டாதல், மற்றக் காரியங்களில் நாட்டம் குறைதல், கெடுதல் என்று தெரிந்தும் தொடர்தல் ஆகியவை அவை. இந்த நோயை மனைவி உண்டாக்கவில்லை. ஆகவே அவள் அழுதோ அடங்கியோ போவதால் இது குணமாகவும் செய்யாது. நோய் என்பதற்காக அவர் செய்வதற்கெல்லாம் அவர் பொறுப்பாளி அல்ல என்றும் ஆகிவிடாது. சிகிச்சைக்குப் போவது அவருடைய கடமை.

செருப்பை வீசிய மனைவி

அமெரிக்காவில் பில் வில்சன் என்பவரும் டாக்டர் பாப் ஸ்மித் என்பவரும் 1935-ல் ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இருவருமே குடியால் சீரழிந்து மீண்டவர்கள். பில் வில்சனின் மனைவி லோயிஸ், கணவர் குடித்துக் கிடந்த ஆண்டுகளில் பெரிய கடைகளில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்.

கணவர் குடியை விட்டதும் அவர் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்கு இனம் தெரியாத கோபம் மூண்டது. எப்போது பார்த்தாலும் கூட்டம், கூட்டம் என்று கணவர் ஓடுவதைப் பொறுக்காமல் ஒரு நாள் செருப்பை எடுத்து அவர் மேல் வீசினார். பிறகுதான் யோசித்தார். இத்தனை ஆண்டுகள் கணவரின் குடியைச் சுற்றியே தம் வாழ்க்கை முழுவதும் சுழன்று வந்திருக்கிறது. குடி போன பிறகு தமக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. நோய் கணவரை மட்டுமின்றித் தம்மையும் பிடித்திருக்கிறது என்று உணர்ந்தார். இப்படிப்பட்ட குடும்பத்தினருக்காக 1951-ல் அவரும் தோழி ஒருவரும் சேர்ந்து ஆல்-அனான் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். பிள்ளைகளுக்காக 1957-ல் அலட்டீன் என்ற பிரிவு பிறந்தது.

ஆல்-அனான் கூட்டங்கள் மும்பையிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை. பெயர், முகவரி கேட்பதில்லை. அங்கே பேசியது வெளியே போகாது. கணவரைத் திருத்துவது இந்தக் கூட்டத்தின் நோக்கம் அல்ல. மனைவி மனநிம்மதியோடு வாழக் கற்றுக்கொள்வதுதான் நோக்கம்.

சென்னையில் ஒரு பெண்

நம் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. புகழ் பெற்ற டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் 1979-ல் குடி நோயால் உயிரிழந்தார். பணத்துக்கோ வைத்தியத்துக்கோ குறைவில்லாத வீடு. அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் இதை மூடி மறைக்கவில்லை. அமெரிக்காவுக்குச் சென்று இந்த நோய்க்கான சிகிச்சை முறையில் பயிற்சி பெற்றுவந்து, 1980-ல் கணவர் பெயரிலேயே சென்னையில் ஒரு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். நாட்டில் இத்தகைய மையங்கள் மிக அரிதாக இருந்த காலம் அது. அவருக்கு 1992-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்த ஆஸ்பத்திரியில் குடிப்பவருக்குச் சிகிச்சை நடக்கும்போதே அவர் குடும்பத்தினருக்கும் தனியே ஆலோசனையும் பயிற்சியும் தருகிறார்கள். குடும்பமே நோயுற்றிருக்கிறது, ஆகவே குடும்பத்துக்கே வைத்தியம் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கணவரின் பெயர் கெட்டுவிடும் என்று அந்த அம்மையார் மறைத்திருந்தால் அந்தப் பெயர் இன்று ஒரு மருத்துவமனையின் பெயராக நின்றிருக்காது.

மனைவியால் முடிந்தது எவ்வளவு?

கணவரை மனைவியால் குணப்படுத்த முடியாது என்பது உண்மை. ஆனால் அவரைச் சிகிச்சைக்கு இணங்க வைப்பதில் அவளுக்குப் பங்கு உண்டு. இதை ஆராய்ந்து அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தினர் 1999-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு வர மறுக்கும் குடிகாரர்களின் உறவினர் 130 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து மூன்று விதமான பயிற்சி தந்தார்கள்.

குடிப்பவரை விட்டுத் தன் மனத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆல்-அனான் வழியில் போனவர்களில் 13 சதவீதத்தினரின் வீட்டில் குடிகாரர் சிகிச்சைக்கு வந்தார். உறவினர் எல்லாரும் கூடி அவரை உட்கார வைத்து நேருக்கு நேர் எடுத்துச் சொல்லும் வழியில் 30 சதவீதம். மூன்றாவது வழியில் 64 சதவீதம்.

அந்த மூன்றாவது வழி என்ன? குடிக்காத நாளில் அவரோடு அன்பாகப் பேசி, சேர்ந்து உண்டு, அந்த நேரத்தை அவருக்கு இனிமையாக்குவது. குடித்துவிட்டு வந்தால் சண்டையும் இல்லாமல் உபசாரமும் இல்லாமல் விலகிக்கொள்வது. குடியால் வரும் நஷ்டத்தை அவரே சந்திக்க விடுவது. அடி உதைக்கு அறிகுறி தெரிந்தால் உடனே தன்னைக் காத்துக்கொள்வது. அவரே மனம் நொந்திருக்கும் நேரம் பார்த்துச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவது.

மற்றொன்றும் அந்த ஆராய்ச்சியில் தெரிந்தது. மூன்று பிரிவிலும் பயிற்சிக்கு வந்த உறவினர்களின் மனச்சோர்வும் கோபமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைந்தன. அதாவது எந்த வழியாக இருந்தாலும், உதவி தேடி வெளியே வந்தவர்கள் தங்கள் அளவில் தேறினார்கள். கணவர் திருந்தட்டும், பிறகு நாம் நிமிரலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

பொய்யை நிறுத்துவது எப்படி?

மறைப்பதை நிறுத்துவது என்றால் தெருவில் நின்று கூவுவது அல்ல. ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டியவர் அவர், அவரே செய்யட்டும். ஆபீசிலிருந்து கேட்டால், "அவரிடமே கேளுங்கள் சார்" என்று சொன்னால் போதும். அவர் குடிக்க வாங்கிய கடனுக்கு மனைவி ஜாமீன் நிற்க வேண்டாம், நகையைக் கொடுக்க வேண்டாம். உடைத்த பொருளை அவர் விழித்து எழுந்து பார்க்கும் வரை அப்படியே விட்டு வைக்கலாம்.

அதற்காக ரயில் பாதை ஓரத்தில் விழுந்து கிடப்பவரை அப்படியே விட வேண்டும் என்று பொருள் அல்ல. உயிருக்கு ஆபத்து என்றால் காப்பாற்றத்தான் வேண்டும். வேலையிலும் ஆபத்து உண்டு. ரயில் ஓட்டும் ஊழியர்கள் பணி ஏற்கும்போது மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதியாக வேண்டும். இயந்திரத்திலும் வாகனத்திலும் வேலை செய்பவர் போதையோடு போவதை மூடி மறைத்தால் பிறர் உயிரும் போகும்.

உண்மையை எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. நம்பகமான இரண்டு பேரிடம் சொன்னால் போதும். கணவர் மதிக்கும் ஒரு மூத்த உறவினர், ஆத்திர அவசரத்துக்குக் கதவைத் தட்டக்கூடிய ஒரு பக்கத்து வீட்டுக்காரர். மாமியாரிடம், "அத்தை, இத்தனை நாள் உங்ககிட்ட மறைச்சுட்டேன், அவுகளுக்குக் குடி நோய் வந்திருக்கு, வைத்தியம் பார்க்கணும்" என்று சொல்வது கடினம்தான். ஆனால் வேலை போன பிறகு சொல்வதைவிட இது எளிது.

பிள்ளைகளிடமும் மறைத்துப் பயனில்லை. ஒரே அறையில் படுத்திருக்கும் பிள்ளைக்குத் தெரியாதது எதுவும் இல்லை. தான் சரியாகப் படிக்காததால்தான் அப்பா குடிக்கிறார் என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. "அப்பாவுக்கு ஒரு நோய், அதற்கு நீ காரணம் இல்லை" என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். பாட்டில் வாங்க அவர்களை அனுப்பவே கூடாது.

பணத்துக்குப் பாதுகாப்பு

சம்பளம் பாங்கில் விழுகிற காலம் இது. கணவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் பேசி, சம்பளம் வந்த மறுநாளே வாடகையும் பள்ளிக் கட்டணமும் தானாகப் பிரிந்து மனைவியின் கணக்குக்குப் போகும்படி பாங்கில் எழுதிக் கொடுக்கலாம். மனைவியின் பெயரில் தனியாக ஒரு பாங்குக் கணக்கோ, தபால் ஆபீஸ் கணக்கோ கட்டாயம் வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாங்குப் புத்தகம் ஆகியவற்றின் நகலை நம்பகமானவர் வீட்டில் ஒரு கவரில் போட்டு வைப்பது நல்லது.

பணத்தை முழுவதும் முடக்கிவிட்டால் குடி நின்றுவிடும் என்றும் எண்ண வேண்டாம். கையில் காசில்லாதவர் மலிவான கள்ளச் சாராயத்தைத் தேடிப் போவார். 2015 ஜூன் மாதம் மலாடு மால்வணியில் விஷச் சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டதை மும்பை மறக்கவில்லை. வீட்டுப் பணத்தைக் காப்பது வீட்டுக்காகத்தான். அது குடிக்கு வைத்தியம் ஆகாது.

ரயிலில் வரும் ஆபத்து

"ஊருக்கு அழைத்துப் போய்க் கோவிலில் கயிறு கட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்று பல குடும்பங்கள் புறப்படுகின்றன. கடவுள் மேல் வைக்கும் நம்பிக்கையில் தவறில்லை. ஆனால் வழியில் ஓர் ஆபத்து இருக்கிறது.

பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், 6 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியும். ஆள் அடையாளம் தெரியாமல் ஓடுவார்கள். இது உயிருக்கே ஆபத்தான நிலை. மும்பையிலிருந்து நெல்லைச் சீமைக்கு முப்பது மணி நேரத்துக்கும் மேல் ரயில் பயணம். வண்டி ஏறியதும் குடியை நிறுத்தியவருக்கு நடுவழியில் வலிப்பு வரலாம். ஓடும் ரயிலின் கதவைத் திறக்கவும் முயலலாம். பேய் பிடித்துவிட்டது என்று உடன் வருபவர்கள் நினைப்பதும் உண்டு.

ஆகவே நாள்பட்டக் குடிகாரர் நிறுத்துவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளையும், வைட்டமின் பி-1 ஊசியையும் கொடுத்து, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் இந்தக் கட்டத்தைத் தாண்ட வைக்கிறார்கள். அதற்குப் பிறகு ஊருக்குப் போகலாம், கோவிலுக்கும் போகலாம். வழியில் ஏதேனும் நேர்ந்தால் 139 என்ற ரயில்வே எண்ணுக்குப் போன் செய்து மருத்துவ உதவி கேட்கலாம்.

தெரியாமல் கொடுக்கும் மருந்து

"குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று சுவரிலும் ரயில் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பார்க்காதவர் இல்லை. சோற்றிலும் காபியிலும் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

டைசல்பிராம் என்று ஒரு மருந்து உண்டு. அதன் இந்தக் குணத்தை டென்மார்க் விஞ்ஞானிகள் 1948-ல் உலகுக்கு அறிவித்தார்கள். இதை உட்கொண்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், உயிரும் போகலாம். இதயத்தையும் ஈரலையும் சோதித்துப் பார்த்து, சாப்பிடுபவரின் முழுச் சம்மதத்தோடு மட்டுமே மருத்துவர்கள் இதைக் கொடுப்பார்கள். மனைவி ரகசியமாகக் கலந்து கொடுத்து, கணவர் அது தெரியாமல் போய்க் குடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இதுவும் மறைத்துச் செய்யும் காரியம்தான். மற்ற மறைப்புகளைவிடக் கொடியது.

அடிக்கு அடங்க வேண்டாம்

குடித்துவிட்டு அடிப்பவரை, போதையில் அடித்தார் என்று மன்னித்துவிட்டால் அடுத்த அடி வரும். குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடிப்பது மட்டுமன்றி, செலவுக்குப் பணம் தராமல் வைப்பதும் மனைவியின் நகையை விற்பதும் இந்தச் சட்டப்படி கொடுமையே. வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க மனைவிக்கு உரிமை உண்டு. பாதுகாப்பு அதிகாரி மூலம் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். பிரிந்து வாழ நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ம் பிரிவின்படி தனக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் கேட்கலாம். அவசரத்துக்குப் போலீஸ் எண் 112. பெண்கள் உதவி எண் 181.

விலகிப் போவதும் ஒரு வழிதான். பிள்ளைகளின் உயிருக்கும் தன் உயிருக்கும் ஆபத்து என்று கண்டு விலகும் பெண்ணை ஊர் ஏசலாம். ஊருக்குப் பயந்து உயிரை விட வேண்டியதில்லை.

எங்கே போவது?

மும்பையில் சயான், கே.இ.எம்., நாயர் ஆகிய மாநகராட்சிப் பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநல மருத்துவப் பிரிவு உண்டு. செலவு குறைவு. மனநலப் பிரிவு என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம்; குடி நோய்க்கு வைத்தியம் செய்பவர்கள் அவர்களே. பாந்த்ராவில் பாதிரியார் ஜோ பெரேரா 1981-ல் தொடங்கிய கிருபா அமைப்பு இருக்கிறது. புனேயில், மராத்தி எழுத்தாளர் அனில் அவசட்டும் அவர் மனைவி டாக்டர் அனிதா அவசட்டும் எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டேயின் பொருளுதவியோடு 1986-ல் தொடங்கிய முக்தாங்கண் இருக்கிறது. தமிழ் பேசும் இடத்தில்தான் வைத்தியம் வேண்டும் என்பவர்களுக்குச் சென்னையில் டி.டி.கே. ஆஸ்பத்திரி உண்டு.

வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்கள் போனில் பேசலாம். 14446 என்பது போதைப் பழக்கத்துக்கான தேசிய இலவச எண். 14416 என்பது மத்திய அரசு 2022-ல் தொடங்கிய மனநல ஆலோசனை எண். தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசுகிறார்கள். குடிப்பவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. மனைவியும் பேசலாம்.

சிகிச்சை முடிந்து வந்தவர் மறுபடி ஒரு நாள் குடித்துவிடுவதும் உண்டு. எல்லாம் போயிற்று என்று தலையில் கை வைக்கக் கூடாது. சர்க்கரை நோயாளி ஒரு விருந்தில் இனிப்பைத் தின்றுவிட்டால் வைத்தியத்தை நிறுத்துகிறோமா? மறுபடி மருத்துவரிடம் போகிறோம். இதுவும் அப்படித்தான். மனைவியும் அந்த ஒரு நாளை மறைக்க மறுபடி பொய் சொல்லத் தொடங்காமல் இருக்க வேண்டும்.

எல்லாக் குடும்பத்திலும் கணவர் திருந்திவிடுவார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் மனைவி இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை ஆபீசிலிருந்து போன் வரும்போது, காய்ச்சல் என்று சொல்லாமல் போனை அவர் கையில் கொடுக்கலாம். பிறகு தனக்கு நம்பகமான ஒருவரைத் தேடிப் போய், "எங்க வீட்டில் இப்படி இருக்கிறது" என்று முதல் முறையாக உண்மையைச் சொல்லலாம்.